மீசை முளைக்காத பக்கம்

மாயவரம் பட்டமங்கலத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணைதான் எங்கள் லெண்டிங் லைப்ரரி. உள்ளே பெரியவர்களுக்கு பைண்டு செய்த தொடர்கதைகள். திண்ணையில் எங்களுக்கு அம்புலிமாமாவும் முத்து காமிக்ஸும். வீட்டுக்கு எடுத்துப் போனால் காசு, அங்கேயே உட்கார்ந்து படித்தால் இலவசம். பையில் காசு வைத்திருந்த பயல்களும் திண்ணையை விட்டு நகரவில்லை என்பது வேறு விஷயம்.

நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய பத்திரிகை அம்புலிமாமா. பக்கத்துக்குப் பக்கம் படம். சித்ரா, சங்கர் என்று மூலையில் இருக்கும் கையெழுத்தை மறைத்தாலும் யார் போட்டதென்று சொல்லிவிடுவோம். விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தோடும் கையில் வாளோடும் நடந்தால் அது சங்கர்.

எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் பேனாவும் கையுமாகத்தான் படித்திருக்க வேண்டும். ராட்சசன் கண்ணில் ஓட்டை. பேராசைக்கார வியாபாரிக்குக் கொம்பு. மந்திரவாதிக்கு மீசைக்கு மேல் மீசை.

கை படாமல் தப்பிய பக்கம் ஒன்று உண்டு. காசி ராஜாவின் சமையலுக்கு தினம் ஒரு மான் முறைவைத்துப் போய்த் தலைகொடுக்கும் ஜாதகக் கதை. ஒருநாள் முறை சினைமானுக்கு வருகிறது. அதற்குப் பதிலாக, ராஜாவே உயிர்ப்பிச்சை கொடுத்திருந்த மான்களின் தலைவன் வந்து கட்டையில் கழுத்தை வைக்கிறது. படத்தில் மான் அமைதியாகப் படுத்திருக்கும். நான் பார்த்துக்கொண்டே இருந்தது சமையல்காரனை. இடுப்பில் துண்டு, ஓங்காமல் கீழே தொங்கும் கத்தி, என்ன செய்வதென்று தெரியாத முகம். கோயில் மடைப்பள்ளியில் பார்த்த ஆளைப் போலவே இருப்பான். வெட்ட வந்தவனை அரக்கனாகப் போட ஓவியருக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? போடவில்லை. கதை முடிவில் ராஜா எல்லா உயிர்களுக்கும் அபயம் தருவதெல்லாம் எழுத்தில் வந்தது. மனசு இளகும் அந்த நிமிஷம் சமையல்காரன் முகத்திலேயே வந்துவிட்டது. கடைசி வரியில் நீதி சொல்லும் கதைகளை நாங்கள் அந்த வரிக்கு முன்பே மூடிவிடுவோம். இதை மூடத் தோன்றியதில்லை.

புத்தகம் திரும்பி வந்ததும் லைப்ரரிக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுவார். புதுக் கிறுக்கல் இருந்தால் அபராதம். ஒருநாள் அந்தப் பக்கத்தில் நிறுத்தி, “இவனுக்கு மட்டும் ஏண்டா எவனும் மீசை வைக்கல?” என்றார்.

“அவன் பாவம் மாமா” என்றான் பக்கத்திலிருந்த பொடியன், மந்திரவாதிக்காக அபராதம் கட்டிக்கொண்டே.