ஜோடி மாலை

கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு நான் போனது மாலை கட்டுவதைப் பார்க்க அல்ல. ஒரு கல்யாணத்தை எடுத்து நடத்த ஆள் தேடிப் போனேன்.

கல்யாணம் என் சினேகிதியின் மகளுக்கு. அவள் கட்டிக்கொள்ளப்போவது நாமக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தியை. இருவரும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள், ஏழு வருடப் பழக்கம். இரண்டு வீட்டிலும் அழுது, சண்டை போட்டு, மாதக்கணக்கில் பேசாமல் இருந்து, கடைசியில் ஒருவழியாகச் சம்மதம் சொல்லியிருந்தார்கள். "ஊர்லயே செய்யணும் சித்தி. பெங்களூர்ல ஏதாவது ஓட்டல்ல முடிச்சா ஒளிஞ்சு செஞ்ச மாதிரி ஆயிடும்" என்றாள் அவள். 2022 ஆகஸ்ட் 31 அன்று சென்னையில், கனடாவில் வாழும் தமிழ்ப் பெண் ஒருவர் வங்கதேசத்துப் பெண்ணை மணந்த செய்தியை அவள் போனில் பத்திரமாக வைத்திருந்தாள். பெண்கள் இருவரும் அவரவர் அப்பா மடியில் உட்கார்ந்து, மாலை மாற்றி, முழுச் சடங்கோடு நடந்த கல்யாணம் அது. சென்னையில் நடந்தது சேலத்தில் நடக்காதா என்பது அவள் கேள்வி.

சேலத்தில் கல்யாண வேலை எடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. முதலில் போன இடத்தில் அரைமணி நேரம் ஆல்பங்களைப் புரட்டிக் காட்டினார்கள். பேனருக்கு மாப்பிள்ளை பெயர் கேட்டபோது விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் போனில் சொன்ன தொகை முந்தின நாள் பேசியதைப் போல இரண்டு பங்கு. "ரிஸ்க் இருக்குங்க மேடம்" என்றார்கள். அடுத்தவர் பணம் கூட்டிக் கேட்கவில்லை, ஒரு யோசனைதான் சொன்னார். இருவரில் உயரமான பெண்ணுக்கு வேட்டி சட்டை கட்டிவிட்டால் போட்டோவில் யாருக்கும் தெரியாதாம். உதவுவதாக நினைத்தே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் முகம் எப்படிச் சுருங்கியது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். மண்டபத்திலோ ரசீதுப் புத்தகத்தில் மணமகன், மணமகள் என்று இரண்டே கட்டங்கள். மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அவர்கள் பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். 2015 ஜூனில், வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போன பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் அங்கிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்த மண் இது. ஆணும் பெண்ணும் கோயில் வாசலில் சேர்ந்து நின்றதற்கே உயிர் போயிருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை போட்டு, அதை இந்தப் பிள்ளைகள் தலையிலேயே பில்லாக ஏற்றுவதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

போட்டோ எடுக்கும் தம்பி ஒருவர்தான் வழி காட்டினார். "பெரிய கம்பெனியெல்லாம் விடுங்கக்கா. கோரிமேடு தாண்டி கொண்டப்பநாயக்கன்பட்டியில மாலை கட்டற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. யாரும் எடுக்காத கல்யாணத்த அவங்க எடுப்பாங்க."

ஏற்காட்டு மலை வீட்டுக் கூரைக்கு மேலேயே நிற்பது போலத் தெரியும் ஊர். தெருவின் கடைசியில் ஓட்டு வீடு. வாசல் திண்ணையில் ஈரச் சாக்கு, அதன் மேல் குவியலாகச் சம்பங்கி. ஓசூர் ரோஜா தனியாக ஒரு கூடையில். பனமரத்துப்பட்டி அரளி மூட்டை ஓரமாக. விடியும் முன்பே வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்தவை. அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கால் பெருவிரலில் கயிற்று முனையைச் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தார். இடது கை பூவை வைக்கிறது, வலது கை நாரைச் சுற்றுகிறது, பெருவிரல் இழுவையை மட்டும் பார்த்துக்கொள்கிறது. முடிச்சு எந்த இடத்தில் விழுகிறது என்று நான் இரண்டு மூன்று முறை உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை, விட்டுவிட்டேன்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கை நின்றது.

"ரெண்டும் பொண்ணுங்களா?"

"ஆமாங்கக்கா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சம்பங்கியில் அழுகினதைப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். "வீட்டுல சம்மதமா?" என்றார். சம்மதம் என்றேன். "அப்ப பாதிக் கல்யாணம் முடிஞ்சுது. என்கிட்ட வர்றதுங்களுக்கு அதுதான் இருக்காது" என்றவர், அடுத்துக் கேட்டது ஒன்றே ஒன்று. "ரெண்டு பேரும் என்ன உசரம்?"

அந்தக் கேள்வியோடு எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. இத்தனை நாள் யார் பொண்ணு, யார் மாப்பிள்ளை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அவருக்கு வேண்டியது உயரம். பின்கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை நூல் வைத்து அளந்து, அந்த அளவுக்கு மாலை கட்டுகிறார். கல்யாண மாலை அவர்கள் தொழிலில் எப்போதும் ஜோடிதான். ஒரே பூ, ஒரே கனம், ஒரே குஞ்சம். ஆள் குட்டையாக இருந்தால் ஒரு சாண் குறையும், அவ்வளவே. "ஆம்பள மாலை, பொம்பள மாலைன்னு கட்டறதில்லீங்க. மாத்திக்கிற மாலைதானுங்களே, இவங்களுது அவங்க கழுத்துக்குப் போவுது, அவங்களுது இவங்களுக்கு வருது" என்றார்.

சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே நீளமான ஆணி ஒன்று அடித்திருந்தது. கட்டி முடித்த மாலையை அதில் மாட்டுகிறார். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் விரல்கடை இறங்கினாலும் கழுத்தில் போட்டதும் அந்தப் பக்கமே சரியும், முகூர்த்தம் முடியும்வரை பெண் ஒரு கையால் மாலையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். அன்று மாட்டிய முதல் மாலை இடப்பக்கம் சற்றே இறங்கியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. அவர் கழற்றி, அடியிலிருந்து நாலு சுற்றுப் பிரித்து, ரோஜாவைக் குறைத்து மறுபடி சுற்றினார். பிரித்த பூ ஒவ்வொன்றும் காம்பு நசுங்காமல் கூடைக்குத் திரும்பியது. ஆணி அடித்தது அவர் வீட்டுக்காரர். அதற்கு முன் சன்னல் கம்பியில் மாட்டிப் பார்ப்பாராம்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். சாதி வேறு. 1996இல் அக்கா தன் மாமா ஒருவரின் மாலைக் கடையில் நார் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பழக்கம். வீட்டில் அடி விழுந்தது, அறையில் பூட்டினார்கள். ஓடிப்போகிற நாளுக்கு முந்தின ராத்திரி, "நாளைக்கு ஆர்டர் இருக்குது" என்று மாமாவிடம் பொய் சொல்லிவிட்டுத் தன் கல்யாணத்துக்கான இரண்டு மாலையையும் தானே கட்டியிருக்கிறார். "மாமன் ஆணியில மாட்டிப் பாத்து, 'சரியா வந்துருக்குது புள்ள'ன்னாரு. எனக்குக் கை நடுங்கிருச்சு." மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கோயில், நாலு லாரிக்கார நண்பர்கள், மாலை மாற்றிக்கொண்டார்கள். மாமா மூன்று வருடம் கழித்து வீடு தேடி வந்து, தன் ஊசியையும் கத்திரியையும் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் எட்டு வருடம் முன்பு லாரியிலேயே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார்.

கல்யாணம் எடுத்து நடத்துகிறவராக அவர் ஆனதும் அப்படித்தான். வீட்டைவிட்டு வருகிற பிள்ளைகள் முதலில் வந்து நிற்பது மாலைக் கடையில். அவர்களுக்கு வக்கீலைத் தெரியாது, ரிஜிஸ்டர் ஆபீஸ் தெரியாது, மாலை வேண்டும் என்பது மட்டும் தெரியும். அவர்களுக்காகவே சமையல்காரர், நாதஸ்வரக்காரர், சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் என்று ஒவ்வொருவராகச் சேர்த்து வைத்திருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு நோட்டும் போனும் மட்டும்.

"மாலை மாத்தினா போதும்னு அண்ணா சட்டம் போட்டாருல்லீங்க, இவங்களுக்கும் அது செல்லுமா?" என்று கேட்டார். நான் தயங்கினேன். அவர் சொன்னது இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு. 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், 1968இல் நடைமுறைக்கு வந்தது. புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவருக்கொருவர் மாலையிட்டால், அல்லது மோதிரம் போட்டால், அல்லது தாலி கட்டினால் கல்யாணம். "எந்த இரு இந்துக்களுக்கும்" என்றுதான் அந்தப் பிரிவு தொடங்குகிறது. ஆனால் உறுதிமொழியைச் சொல்லும் இடத்தில் கணவன், மனைவி என்ற சொற்கள் வந்துவிடுகின்றன. 2023 அக்டோபர் 17 அன்று ஒருபாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, சட்டம் இயற்றுவது நாடாளுமன்ற, சட்டமன்றங்களின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. அதே ஆண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைய திருமணம் மட்டுமே வழியல்ல என்று எழுதினார்கள். அது ஆறுதல். பதிவுச் சான்றிதழ் அல்ல.

எனக்கு மனம் சோர்ந்துபோகாததற்குக் காரணம் நம் ஊர் வரலாறு. முதல் சுயமரியாதைத் திருமணம் 1928இல் சுக்கிலநத்தத்தில் நடந்தது. சட்டம் வந்தது நாற்பது வருடம் கழித்து. இடையில் 1953இல் நீதிமன்றமே இத்தகைய திருமணங்கள் செல்லாது என்றது. 1944இல் இதே சேலத்தில் திராவிடர் கழகம் பிறந்தபோது அந்த இயக்கத்தில் இருந்தவர்களில் எத்தனையோ பேரின் கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்லை. அவர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. பிள்ளை பெற்றார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். 1967இன் திருத்தம் பழைய கல்யாணங்களையும் சேர்த்தே செல்லும் என்றது. திருமணம் பொதுப்பட்டியலில்தான் இருக்கிறது. அன்று அண்ணா செய்தபடி சட்டப்பேரவையில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்கு அனுப்பி, கணவன், மனைவி என்பதோடு 'வாழ்க்கைத் துணை' என்ற சொல்லையும் 7-ஏவில் சேர்க்கலாம். பேரவையில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்கள் அதைச் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

மாலைக்கு வருகிறேன். இந்த ஜோடிக்கு அக்கா சொன்ன விலை 2,800 ரூபாய். முதலில் நான் போன கம்பெனியின் பட்டியலில் இதே அளவு ஜோடி மாலைக்கு 9,000 போட்டிருந்தது. கட்டிக் கொடுப்பவர் பெரும்பாலும் இவரைப் போன்ற ஒருவர்தான். கம்பெனிக்குக் கட்டினால் காசு கைக்கு வர இரண்டு மாதம் ஆகுமாம், அதிலும் "வாடிப் போச்சு" என்று சொல்லிக் கழிப்பார்களாம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பூ விலை ஏறினால் ஏற்றம் அக்காவுடையது, லாபம் அவர்களுடையது. ராத்திரி முழுக்க ஈர நாரிலேயே கை கிடப்பதால் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கிறது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசுகிறார். கல்யாணம் செய்கிறவர்களே, மேடைக்கும் லைட்டுக்கும் கம்பெனியிடம் போங்கள். மாலையை மட்டும் கட்டுகிறவரிடம் நேரில் சொல்லி, முன்பணம் கொடுத்து வாங்குங்கள்.

ஆவணியில், மலையடிவாரத் தோட்டத்து வீட்டுக் களத்தில் கல்யாணம் நடந்தது. எழுபது பேர். பேனர் கிடையாது, இரண்டு வீட்டின் நிம்மதிக்காக அக்கா போட்ட ஒரே கட்டளை அது. நாதஸ்வரக்காரர் கேட்டது, கெட்டிமேளம் எந்த இடத்தில் என்பது மட்டும். தாலி வேண்டாம் என்று பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளி மெட்டியை ஒருவருக்கொருவர் குனிந்து போட்டுவிட்டார்கள். மாலை மாற்றும்போது நாமக்கல் பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். அதுவரை கடைசி வரிசை நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர். மாலை இரண்டும் சரியாமல் நின்றன.

சாப்பாடு முடிந்து நான் மீதிப் பணத்தைக் கொடுத்தேன். அக்கா நோட்டை எடுத்து, தேதி போட்டு, இரண்டு பெண்களின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். கீழே, ஜோடி மாலை 1, பாக்கி இல்லை. இந்தக் கல்யாணம் நடந்ததற்கு எழுத்தில் இருப்பது இன்றைக்கு அந்த நோட்டு ஒன்றுதான்.