அம்மாவின் நகக்கண்ணில் அலுமினியம்

(இளம் அறிவியல் வேதியியல், மூன்றாம் ஆண்டு)

என் அம்மாவின் நகங்களைச் சுற்றி எப்போதும் வெள்ளி நிறத்தில் ஒரு கறை இருக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சிவகாசிப் பக்கத்தில் கம்பி மத்தாப்புக்கு மருந்து முக்கும் பெண்களை அந்தக் கறையை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். அது அலுமினியப் பவுடர். முதலாண்டில் எங்கள் பேராசிரியர் அலுமினிய அணுவைக் கரும்பலகையில் வரைந்து, எலக்ட்ரான்களை 2, 8, 3 என்று பிரித்து எழுதியபோது எனக்கு அந்த நகங்கள்தாம் நினைவுக்கு வந்தன.

ஒரு தனிமத்தின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அதன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களே என்பதை நண்பர்கள் அறிவீர்கள். நியானுக்கு வெளிக்கூட்டில் எட்டு. அது யாரோடும் சேராது. அலுமினியம் தன் மூன்றையும் கொடுத்துவிட்டால் நியானின் அமைப்பைப் பெறும். ஆக்சிஜனுக்கோ இரண்டு குறைவு, வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது. அப்படியானால் எங்கள் வீட்டு அலுமினியச் சட்டி ஏன் அடுப்பிலேயே எரிந்து போகவில்லை?

தேர்வில் வராத கேள்விதான். ஆயினும் என்னை விடவில்லை. சட்டியின் மேற்பரப்பிலுள்ள அணுக்கள் காற்றைக் கண்டதுமே தம் எலக்ட்ரான்களைக் கொடுத்து முடித்துவிட்டன. அதனால் உண்டான, சில நேனோமீட்டர் தடிப்பே உள்ள ஆக்சைடுத் தோல் உள்ளிருக்கும் அணுக்களைக் காக்கிறது. பவுடருக்கும் அதே தோல் உண்டு. ஆனால் சட்டியை மாவாக்கினால் மேற்பரப்பு பல்லாயிரம் மடங்கு பெருகிவிடும். ஒரு துகளின் தோல் கிழிந்து எழும் சூடு உடனே அடுத்த துகளை எட்டிவிடும்.

இந்தப் பவுடரோடு இரும்புத் தூள், பசை, பேரியம் நைட்ரேட் ஆகியவற்றைக் கலந்ததே நெடுங்காலம் மத்தாப்பு மருந்தாக இருந்தது. பேரியம் நைட்ரேட்டை எங்கள் பக்கத்தில் பச்சை உப்பு என்பார்கள். அதில் உள்ள பேரியம் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் இரண்டையும் ஏற்கெனவே கொடுத்துவிட்ட அயனி. எரியும்போது ஆக்சிஜனைத் தருவது நைட்ரேட். பேரியம் அதற்குத் துணை. இந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்காது என்பதால் தொழிலுக்கு உகந்ததாக இருந்தது.

ஆனால் கரையும் பேரியம் உடலுக்கு நஞ்சு. அதன் அயனி அளவில் ஏறத்தாழ பொட்டாசியம் அயனியை ஒத்தது. நரம்பிலும் தசையிலும் பொட்டாசியம் போய்வரும் வழியை அடைத்துக்கொள்ளும். (எக்ஸ்ரேக்கு முன் குடிக்கத் தருகிற பேரியம் சல்பேட் கரையாது, அதனால் தீங்கில்லை.) 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. 2023 செப்டம்பரிலும் அதைத் தளர்த்த மறுத்தது. வேதியியல்படி அது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் 2018 நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டு, அம்மாவின் நகக்கறை முழுவதும் மறைந்துபோன அந்த மாதங்களில் நாங்கள் எப்படிச் சாப்பிட்டோம் என்பது வேறு கணக்கு.

பேரியம் போய் வேறு நைட்ரேட் வந்தது. அலுமினியம் மாறவில்லை. சென்ற புரட்டாசியில், அம்மா வேலை பார்க்கும் இடத்தில், சனிக்கிழமை மிஞ்சிய ஈர மருந்தைத் தொட்டியிலேயே விட்டுவிட்டார்கள். ஞாயிறன்று மழை. திங்கள் காலை தொட்டியைத் தொட்ட சிறிது நேரத்தில் தீப்பற்றியது. அம்மாவோடு ஒரே வேனில் போகும் என் பெரியம்மாவுக்கு இரண்டு கைகளும் வெந்தன. இன்றும் அவரால் விரல்களை மடக்க முடியாது.

நூலகத்தில் தேடி அதன் காரணத்தை ஒருவாறு புரிந்துகொண்டேன். ஈரத்தில் அலுமினியம் தன் எலக்ட்ரான்களை நைட்ரேட்டுக்குக் கொடுக்கிறது, நைட்ரேட் அமோனியாவாகிறது. அமோனியா ஒரு காரம். அந்தக் காரம் ஆக்சைடுத் தோலைக் கரைக்கிறது. தோல் கரையக் கரைய இன்னும் அலுமினியம் வினைபுரிகிறது, சூடும் ஏறுகிறது. தன் காவலைத் தின்னும் பொருளை மருந்து தானே தயாரித்துக்கொள்கிறது! மருந்தில் சிறிது போரிக் அமிலம் சேர்ப்பது இந்தக் காரத்தை அடக்கத்தான்.

அன்றிரவு இதை அம்மாவிடம் சொன்னேன். அமோனியா என்றதும் நிறுத்தச் சொன்னார்.

"மூத்திர வாடைதானே தாயி? அந்த வாடை வந்தா மருந்துப் பக்கம் போகக் கூடாதுன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும். ஏன்னுதான் தெரியாது."

"அன்னைக்கு வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. யார்ட்டப் போயிச் சொல்ல? வேலை கெடுதுன்னு வைவாக."

ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: "மிஞ்சிய ஈர மருந்தை வைக்காதே. அமோனியா வாடை வந்தால் தொடாதே, வெளியேறு." அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, 'அமோனியா' என்பதை அடித்து 'மூத்திர' என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். தூக்குவாளியோடு பைக்குள் வைத்துக் கொண்டுபோனார். முதலாளியைக் கேட்டு ஒட்டுவதாக ஃபோர்மேன் வாங்கி வைத்திருக்கிறாராம், இன்னும் ஒட்டவில்லை.