நால்வர் கூட்டணியும் ஒரு தங்கப் புத்தரும்

கொள்ளைக் கதைக்கு ஒரு ஃபார்முலா உண்டு. யாராலும் நுழைய முடியாத ஒரு இடம். அதற்குள்ளே விலைமதிப்பில்லாத ஒரு பொருள். வெளியே, ஊருக்கு உதவாதவர்கள் என்று பெயர் எடுத்த நாலைந்து பேர். ஆளுக்கு ஒரு வித்தைதான் தெரியும். ஆனால் அந்த வித்தையில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

லீ பார்டுகோ எழுதி 2015இல் வந்த 'சிக்ஸ் ஆஃப் குரோஸ்' இந்த ஃபார்முலாவை மாயாஜால உலகத்துக்குள் கொண்டு போன நாவல். கால் ஊனமான, கைத்தடி ஊன்றி நடக்கும் தலைவன் காஸ். சத்தமே இல்லாமல் சுவர் ஏறும் இனெஜ். குறி தப்பாத, ஆனால் சூதாட்டத்தில் கடனாளியான ஜெஸ்பர். இப்படி ஆறு பேர் சேர்ந்து பனிக்கோட்டைக்குள் நுழைந்து ஒரு ஆளைத் தூக்கி வர வேண்டும். கூலி மூன்று கோடி க்ரூகே. படித்து முடித்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "நம்ம தமிழ்ல ஏன்ப்பா இப்படி ஒண்ணு வரல?"

வந்திருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. நாம்தான் அதைக் கொள்ளைக் கதை என்று படிக்கவில்லை, பக்திக் கதை என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம்.

தலைவன் பெயர் நீலன். சீர்காழிப் பக்கம் திருக்குறையலூரில் பிறந்தவர், சோழனிடம் படைத்தலைவர், பிறகு குறுநில மன்னர். இவர்தான் திருமங்கை ஆழ்வார். குமுதவல்லி என்ற பெண்ணை விரும்பினார். அவளோ, தினம் 1008 வைணவர்களுக்கு ஒரு வருடம் சாப்பாடு போட்டால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டாள். கஜானா காலியானது, சோழனுக்குக் கட்ட வேண்டிய கப்பமும் காலியானது. அடுத்த வழி, வழிப்பறி.

இப்போது அவருடைய டீமைப் பாருங்கள்.

நீர்மேல் நடப்பான். பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது.

நிழலில் ஒதுங்குவான். அடுத்தவர் நிழலுக்குள் ஒளிந்துகொள்வான். இவன் ஒருவர் நிழலை மிதித்தால் அந்த ஆள் அசைய முடியாது என்று சொல்பவர்களும் உண்டு.

தாளூதுவான். பூட்டில் வாய் வைத்து ஊதினால் போதும், திறந்துகொள்ளும்.

தோலா வழக்கன். தோலா என்றால் தோற்காத. எந்த வாதத்திலும் தோற்கமாட்டான். ஒரு கொள்ளைக் கூட்டத்துக்கு வக்கீலும் தேவை என்று யோசித்த அந்தக் கதைசொல்லிக்குத் தனியாக ஒரு கும்பிடு போடலாம்.

பெருமாளே மணக்கோலத்தில் வந்து, இவரிடம் நகைகளைப் பறிகொடுத்து, திருமந்திரம் சொல்லி இவரை ஆட்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி உற்சவத்தின் இராப்பத்து எட்டாம் நாளில் 'வேடுபறி' என்று இன்றும் அது நடக்கிறது. சாதாரணமாகத் திருந்திய திருடன் கதை இங்கே முடிந்துவிடும். இந்தக் கதையில் பெரிய கொள்ளையே இதற்குப் பிறகுதான் வருகிறது!

திருந்திய ஆழ்வார் ஸ்ரீரங்கம் கோயிலுக்கு மதில் கட்ட ஆரம்பிக்கிறார். பணம் போதவில்லை. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்தில் தங்கத்தாலான புத்தர் சிலை இருப்பதாகத் தெரிகிறது. நால்வர் கூட்டணி கிளம்புகிறது. விகாரத்துக்கு எந்திரப் பாதுகாப்பு வேறு. கதையைச் சொல்பவர்கள் இந்த இடத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அதைக் கட்டிய சிற்பியைக் கடல் கடந்து தேடிப் போய், அவன் வாயிலிருந்தே ரகசியத்தைக் கறந்தார்கள் என்பது ஒரு விதம். எப்படியோ, சிலை கைக்கு வந்துவிட்டது.

திரும்பும் வழியில் பொழுதாகிவிட, நாகைக்குப் பக்கத்தில் திருக்கண்ணங்குடியில் சிலையை வயலில் புதைத்துவிட்டு, அங்கிருந்த புளிய மரத்தைக் காவல் இருக்கச் சொல்லிவிட்டுத் தூங்கினாராம். காலையில் நிலத்துக்காரர் ஏரோடு வந்ததும் மரம் இலையைக் கொட்டி எழுப்பிவிட்டது. அதனால் அது உறங்காப்புளி. "இது என் நிலம்" என்று ஆழ்வார் வாதாடி, பத்திரம் காட்ட ஒரு நாள் அவகாசமும் வாங்கிக்கொண்டு, இரவோடு இரவாகச் சிலையோடு கிளம்பிவிட்டார். அந்த வழக்கு தீரவே இல்லை. வயலுக்கே உரிமை கொண்டாடியவர் குடத்துக்கும் உரிமை கொண்டாடுவார் என்று பயந்து ஒரு பெண் தண்ணீர் தர மறுத்தாளாம். அவர் சபித்ததால் அது ஊறாக் கிணறு. சிரிக்காமல் கேட்க முடியாத இடம் இது.

சரி, சிரித்தாயிற்று. இனிமேல்தான் கொஞ்சம் சங்கடம்.

பார்டுகோ மாதிரி எழுத்தாளர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். கொள்ளை கொடுக்கிறவனை நம்மால் நேசிக்க முடியாதபடி வைத்துவிடுவார்கள். கொடூரமான கோட்டை, ஈரமில்லாத வியாபாரி. அப்போதுதான் திருடனுக்கு நாம் மனசாட்சி உறுத்தாமல் விசில் அடிக்க முடியும். நாகப்பட்டினத்தில் யார் வில்லன்? விடிந்ததும் வெறும் பீடத்தைப் பார்த்த பிட்சுகளா? அவர்கள் பக்கத்துக் கதையைச் சொல்ல இன்று அங்கே யாரும் இல்லை.

வரலாற்றைத் தொட்டால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. ஆழ்வார் காலம் பொதுவாக 8ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். நாகையின் புகழ்பெற்ற சூடாமணி விகாரம் ராஜராஜ சோழன் காலத்தில், 1006 வாக்கில், ஸ்ரீவிஜய மன்னரால் கட்டப்பட்டது. ஒரு சைவ மன்னன் அதற்காக ஆனைமங்கலம் என்ற கிராமத்தையே கொடுத்தான். ஆழ்வாரின் வாழ்க்கையைச் சொல்லும் குருபரம்பரை நூல்கள் அதற்கும் பின்னால் வந்தவை. தங்கள் காலத்தில் கண்ணெதிரே செழிப்பாக நின்ற ஒரு விகாரத்தைப் பார்த்து, இந்தக் கதையைப் பழைய ஆழ்வார் மேல் ஏற்றியிருக்கலாம். இது ஊகம்தான். ஆனால் 'நம் மதில் அவர்கள் தங்கத்தில் எழுந்தது' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு காலம் விரும்பியிருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

கதையின் முடிவு அதைவிடக் கனமானது. மதில் எழுந்த பிறகு வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லை. அவர்களைப் படகில் ஏற்றி, நடு ஆற்றில் கவிழ்த்துவிட்டார்களாம். நீர்மேல் நடப்பான் மட்டும் நடந்து கரை சேர்ந்தான். செத்தவர்களுக்கு மோட்சம் கிடைத்தது என்று கதை சமாதானம் சொல்கிறது. நடந்ததா இல்லையா என்பதை விடுங்கள். அதைக் கேட்ட அந்தக் காலத்துக் கூலிக்காரர் ஒருவர் என்ன நினைத்திருப்பார்?

இதிலும் ஒன்றைப் பாராட்ட வேண்டும். ஆழ்வாரைச் சுத்தமானவராகக் காட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் அந்தக் கூலிக்காரர்களையும் ஏர் பிடித்து வந்த நிலத்துக்காரரையும் தண்ணீர் தராத பெண்ணையும் வெட்டி எறிந்திருக்கலாம். கதைசொல்லிகள் எறியவில்லை. ஆழ்வாரும் தன் பெரிய திருமொழியின் முதல் பதிகத்திலேயே, தான் கள்வனாக இருந்ததைச் சொல்லி வருந்துகிறார். அந்தக் கையால்தான் 1084 பாசுரங்கள் கொண்ட அந்த நூலும், அது தவிர இன்னும் ஐந்து நூல்களும் வந்தன. திருடன் பாதி, கவி பாதி என்று அந்த மனிதரைக் கூறு போட முடியாது.

அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதையும் இல்லை. ஆவடியிலிருந்து திருவள்ளூர் வண்டியில் ஏறினால் இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, அடுத்தது திருநின்றவூர். அங்கே பக்தவத்சலப் பெருமாள் கோயில். ஆழ்வார் இந்த ஊரைப் பாடாமலே தாண்டிப் போய்விட்டார், 'போய் ஒரு பாட்டு வாங்கி வாருங்கள்' என்று தாயார் பெருமாளைத் துரத்தினார் என்பது தலபுராணம். பெருமாள் பின்னாலேயே ஓட, கடல்மல்லையில் ஒரு பாட்டில் பெயர் கிடைத்தது. அது போதாதென்று திரும்பவும் அனுப்ப, கண்ணமங்கையில் இன்னொன்று. ஒரு காலத்தில் வழிமறித்தவரைக் கடவுளே வழிமறித்துக் கேட்டு வாங்கிய இரண்டு பாட்டு!

அதே ஸ்டேஷனில் எதிர்ப் பிளாட்பாரத்தில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் அருங்காட்சியகம் பக்கம்தான். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பல இங்கே வந்து சேர்ந்தன. விகாரத்தின் மிச்சமாக நின்ற செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். இடித்தது ஆழ்வார் அல்ல, ஏசு சபைப் பாதிரிமார்கள்.

இரண்டு பக்கமும் ஒரு முறை போய் வரலாம். கொள்ளைக் கதையைத் திருடன் பக்கம் நின்று ரசிப்பது சுலபம். பறிகொடுத்தவன் பக்கம் போய் நின்ற பிறகும் அது பிடித்திருந்தால்தான் அது நல்ல கதை. இது பிடிக்கிறது, கூடவே உறுத்தவும் செய்கிறது. உறுத்தல் போய்விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.