புழுதிப்புயல் கண்ட நாள்

அமெரிக்கச் சமவெளியில் சூறாவளியைத் துரத்திச் செல்வோரின் காணொளிகளை என் மகன் விரும்பிப் பார்ப்பான். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த எங்களுக்கு மும்பை மழை பழகிவிட்டது, புழுதிப்புயல் புதிது.

2024 மே 13, திங்கட்கிழமை. கோடை விடுமுறை. பிற்பகலில் திலக் நகர் வானம் செம்மண் நிறமாயிற்று. “அப்பா, நாம் துரத்த வேண்டாம், புயலே வந்துவிட்டது!” என்று மகன் மொட்டைமாடிக்கு ஓடினான். கைபேசியுடன் நானும் ஓடினேன். ஆசிரியனுக்கும் ஆசை உண்டல்லவா?

இடிமேகத்திலிருந்து குளிர்காற்று கீழே பாய்ந்து, தரையில் மோதி, நாற்புறமும் விரையும்போது புழுதி சுவர்போல் எழும். வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடலாம். மாடியிலோ கண் திறக்க இயலவில்லை. எங்கிருந்தோ பெயர்ந்த தகரம் ஒன்று தலைக்கு மேல் காகிதம்போல் பறந்தது. மகனின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

2013 மே 31 அன்று, ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே, சூறாவளி ஆய்வில் பல்லாண்டு அனுபவமுள்ள டிம் சமாராஸ் தம் மகனோடு சூறாவளியில் சிக்கி உயிரிழந்தார். அச்செய்தியை எனக்குச் சொன்னவனே என் மகன்தான். படியில் அமர்ந்திருந்தபோது அது நினைவுக்கு வந்தது.

மாலையில் செய்தி அறிந்தோம். எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத காட்கோபர் சேடா நகரில், மாபெரும் விளம்பரப் பலகையொன்று பெட்ரோல் நிலையத்தின் மீது சாய்ந்துவிட்டது. மழைக்கு ஒதுங்கியோரும் அதன் அடியில் சிக்கினர். 17 பேர் இறந்தனர்.

எடுத்த படத்தை நண்பர்களுக்கு அனுப்பச் சொல்லியிருந்த மகன், அதன்பின் அதைக் கேட்கவேயில்லை.