முண்டியம்பாக்கம் நிறுத்தம்

நேத்து ராத்திரி திண்டிவனத்துல வேலை முடிஞ்சு விழுப்புரம் பஸ்ல வந்துட்டு இருந்தேன்.

காதுல இயர்போன். போன்ல டவுன்லோடு பண்ணி வச்ச வீடியோ. இதயத்தோட நாலு அறை.

பக்கத்துல ஒரு பாட்டி, மடியில தூக்குச்சட்டியோட. படத்தையே பாத்துட்டு இருந்தாங்க.

"டாக்டருக்கா படிக்கிற கண்ணு?"

"இல்ல பாட்டி. சேரறதுக்குப் பரீட்சை எழுதப்போறேன்."

விக்கிரவாண்டி தாண்டி முண்டியம்பாக்கம். அரசு மருத்துவக் கல்லூரி வாசல். 2010-லேர்ந்து இங்கதான் இருக்கு.

"தாத்தா உள்ள படுத்திருக்காரு. சீக்கிரம் வந்துடு கண்ணு"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டாங்க.

பஸ் கிளம்பிடுச்சு. எனக்கு வீடியோ ஓடல. கண்ணு கலங்கிடுச்சு.

அந்தப் பரீட்சை, நீட்ல 180 கேள்வி, 720 மார்க். பாதி உயிரியல். தப்பா எழுதினா ஒரு மார்க் போயிடும்.
காலைல நாலரை மணிக்கு இயற்பியல். பஸ்ல உயிரியல். ஞாயித்துக்கிழமை மாதிரித் தேர்வு.
கோச்சிங்குக்குக் கட்டப் பணமில்ல. வேலைய விட்டா வீடு ஓடாது.

ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி. அப்படிப் படிச்சவங்களுக்கு மருத்துவ சீட்ல 2020-ல வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடுதான் எனக்கு இருக்கிற கதவு.
அரியலூர் அனிதாவ நெனைக்காத நாளே இல்ல. பன்னெண்டாவதுல 1200-க்கு 1176 எடுத்த பொண்ணு. நீட்டால மருத்துவ சீட் கிடைக்காம அவங்க உயிர விட்டப்ப இந்தக் கதவு இல்ல.

தினமும் ரெண்டு தடவ அந்தக் கல்லூரி வாசலத் தாண்டிப் போறேன்.
என்னிக்காவது ஒருநாள் அங்க இறங்கணும்.

வேலைக்குப் போய்க்கிட்டே படிச்சு உள்ள போனவங்க இங்க யாராவது இருக்கீங்களா?
தூக்கம் வர்ற நேரத்துல எப்படிப் படிச்சீங்க?