பின்பக்கம் சத்தம்

அலுவலகத்தில் வண்டிக் கோப்பு என் மேஜையில் ஆறு வருஷம் இருந்தது. இரண்டு அம்பாசிடர், மூன்று ஜீப். டிரைவர்கள் ரிப்பேருக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில் பெரும்பாலும் இரண்டே வார்த்தைதான் இருக்கும்: "பின்பக்கம் சத்தம்." இதை வைத்துக்கொண்டு நான் எந்தக் கடையில் கொட்டேஷன் கேட்பது? "எப்போது சத்தம்?" என்று ஓரத்தில் எழுதிச் சீட்டைத் திருப்பி அனுப்புவேன்.

ஒருநாள் மூத்த டிரைவர் ஒருவர் சீட்டோடு நேரே என் மேஜைக்கே வந்துவிட்டார். கோபமாக வந்தார் என்றுதான் நினைத்தேன். "சார், நீங்க கேட்டதுதான் சரியான கேள்வி. எங்க சத்தம்னு கேட்டா யாருக்கும் தெரியாது. தகரத்துல புகுந்து எங்கெங்கேயோ கேட்கும். எப்போன்னு கேட்டாத்தான் ஆளு பிடிபடும்" என்றார். பிறகு டீ குடித்துக்கொண்டே வரிசையாகச் சொன்னார். வண்டி நிற்கும்போதே, கிளட்ச்சை மிதித்தால் சத்தம் வருகிறதா, கிளட்ச் பேரிங்கைப் பார். நியூட்ரலில் உறுமி, கிளட்ச்சை மிதித்ததும் அடங்குகிறதா, கியர்பாக்ஸ். ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்று ஊளையிட்டால் டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன். வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் கூடினால் சக்கர பேரிங். நான் அதை ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இன்று வரைக்கும்.

அந்தத் தாள் 2022-ல் பிரான்சில் பயன்பட்டது. என் தங்கையின் கணவர் சொல்தா. நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து பென்ஷன் வாங்கி, ஃப்ரெழுஸில் வீடு கட்டிக்கொண்டவர். அந்த மே மாதம் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். மாப்பிள்ளையின் கராஜில் சிவப்பாக ஒரு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், 1973-ஆம் வருஷத்து மார்க் ஃபோர். இரண்டே பேர் உட்காரலாம், கூரை துணி. முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முதலை வாய் மாதிரித் திறக்கும்.

பார்த்ததும் எனக்கு எங்கள் தெரு டாக்டரின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஞாபகம் வந்தது. அதுவும் இப்படித்தான் வாயைத் திறக்கும். சொன்னால் மாப்பிள்ளை சிரித்தார். "அதே வண்டிதான் மச்சான். ஹெரால்டோட சேஸிஸை வெட்டிச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயர் பண்ணினாங்க. ரெண்டுக்கும் உடம்பு வரைஞ்சவரும் ஒரே இத்தாலிக்காரர், மிகெலோட்டி." மெட்ராஸில் ஓடிய ஹெரால்டுக்கு இப்படி ஒரு ராஜகுமாரத் தம்பி இருந்தது அந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

வண்டியில் ஒரு குறை. கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டால் பின்னால் 'டொக்' என்று ஓர் அடி விழும். மூன்று பட்டறையில் காட்டியிருந்தார். ஒருவர் டிஃபரன்ஷியலையே மாற்ற வேண்டும் என்றார், ஒருவர் கியர்பாக்ஸ் என்றார், மூன்றாமவர் பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றார். மாப்பிள்ளை டிஃபரன்ஷியலுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பேத்தியை எஸ்த்தரேல் மலையோரக் கடற்பாதையில், செம்பாறைகளுக்கு நடுவே, தெயூல் வரைக்கும் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவளுக்கு ஒன்பது வயது.

மறுநாள் காலை என்னை உட்காரவைத்துத் தெருவில் ஒரு சுற்று வந்தார். டொக் என்பது எனக்கும் கேட்டது. அதோடு இன்னொன்றும் கேட்டது. நடை வேகத்தில் போகும்போது, கீச்... கீச்... என்று சின்னதாக, கிணற்று ராட்டினம் எண்ணெய் இல்லாமல் கத்துமே, அது போல.

"மாப்ள, இந்தக் கீச்சு எத்தனை நாளா இருக்கு?"

"எந்தக் கீச்சு?"

"இப்ப கேக்குதே."

வண்டியை இன்னும் மெதுவாக்கினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஒண்ணும் இல்லையே மச்சான். குருவியா இருக்கும்."

வீட்டு வாசலில் பேத்தி நின்றிருந்தாள். வண்டி உள்ளே நுழையும்போதே, "தாத்தா, எலி கத்துது!" என்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இறங்கி உள்ளே போய்விட்டார். என் தங்கை அடுப்படியில் மெதுவாகச் சொன்னாள்: "டிவிய அடுத்த வீட்டுக்குக் கேக்குற மாதிரி வைக்கிறார் அண்ணே. காது டாக்டர்ட்ட போகச் சொன்னா கோபம். 2021-லேர்ந்து இங்க காது மெஷினுக்கு ஒரு வகை முழுசா இலவசம், பத்து காசு செலவில்ல. கேக்க மாட்டேங்கிறார்." பீரங்கிச் சத்தம் முதலில் தின்பது உச்ச சுருதிகளைத்தான். பேச்சு கேட்கும், டொக் கேட்கும். கீச்சு கேட்காது. அவருக்கே அது தெரியாது, அதுதான் சங்கடம்.

மத்தியானம் அவர் தூங்கும்போது நான் தாளில் கணக்குப் போட்டேன். கீச்சு நிற்கும்போது இல்லை, ஓடும்போதுதான். கிளட்ச்சை மிதித்துச் சும்மா உருட்டினாலும் இருந்தது, ஆகவே இன்ஜின் இல்லை. ஊளை இல்லை. வளைவில் மாறவில்லை. மிச்சம் இருப்பது கர்தான். லாரிக்காரர்கள் கிராஸ் என்பார்களே, சிலுவை மாதிரி நான்கு கால் உள்ள மூட்டு, அதுதான். பிரெஞ்சுப் பெயர் 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணித மேதை கர்தானோவின் பெயரால் வந்தது. இந்த வண்டியில் நான்கு கிராஸ். நடுத்தண்டில் இரண்டு, சக்கரத்துக்குப் போகும் குறுந்தண்டுகளில் பக்கத்துக்கு ஒன்று.

எது? இங்கேதான் குமாஸ்தா புத்தி உதவியது. இந்த வண்டியின் டிஃபரன்ஷியல் விகிதம் 3.89. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நடுத்தண்டு கிட்டத்தட்ட நான்கு சுற்று. சாயங்காலம் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மாப்பிள்ளையை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, நானும் பேத்தியும் பின்னாலிருந்து தள்ளினோம். கோடு தரையைத் தொடும்போதெல்லாம் அவள் "எலி!" என்று கத்தினாள். ஒரு சுற்றுக்கு ஒரு கீச்சு. நடுத்தண்டு இல்லை, குறுந்தண்டு. இடது பக்கம்.

டிஃபரன்ஷியல் பணம் மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன். மாப்பிள்ளையின் முகம் மாறியது. அவருக்கு அந்த வண்டி தெரியும். அம்பாசிடரில் கிராஸ் உடைந்தால் வண்டி நின்றுவிடும், லாரி பிடித்து வீட்டுக்கு வரலாம். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் குறுந்தண்டு சக்கரத்தைச் சுற்றுவது மட்டுமில்லை, அதைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான். மூட்டு விட்டுப்போனால் சக்கரமே மடங்கலாம். அந்தக் கடற்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல்.

வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பாய் விரித்து அவரே அடியில் படுத்தார். நான் டார்ச் பிடித்தேன். இடது மூட்டின் குப்பிகளைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி துரு. கிரீஸ் செத்து, உள்ளே ஊசி பேரிங்குகள் அரைபட்டு வெளியே வந்தது அது. தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் திருகினார். ஒரு நூல் அளவு ஆடியது. அதுதான் டொக். காது சொல்லாததை விரல் சொல்லிவிட்டது.

வெளியே வந்து கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"எவ்வளவு நாளா கத்திக்கிட்டு இருந்திருக்கும் மச்சான்?"

"கொஞ்ச நாளாத்தான் இருக்கும்" என்றேன். அந்தத் துருவைப் பார்த்தால் ஒரு வருஷமாவது இருக்கும்.

அடுத்த வாரம் வண்டியைக் கட்டியிழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் கிராஸ் மாற்றினார்கள். கழற்றியதைக் கேட்டு வாங்கி வந்தார். சிலுவையின் ஒரு கால் பென்சில் சீவியது போலத் தேய்ந்திருந்தது. அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் பேத்தியோடு தெயூல் போய் வந்தார். பின்சீட் இல்லாத வண்டி என்பதால் நான் தப்பித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினார். காது டாக்டரிடம் தேதி வாங்கியாயிற்றா என்று கேட்டேன். "மச்சான், லைன் சரியா இல்ல" என்றார். பிறகு, "வண்டியில முன்பக்கம் ஏதோ புதுசா சத்தம்னு சின்னது சொல்லுது. நீங்க டிசம்பர்ல வாங்களேன்" என்றார்.

எப்போது சத்தம், நிற்கும்போதா, ஓடும்போதா என்று கேட்டு அவளை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.