சொல்தா வீட்டுப் பிள்ளை

ஜூலை பிறந்தால் தாத்தா மரப்பெட்டியைத் திறப்பார். ரிப்பனைக் கழற்றிவிட்டுப் பதக்கங்களை மட்டும் ஆயாவிடம் நீட்டுவார். ஆயா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். பித்தளைச் செம்புக்கும் பிரெஞ்சுப் பதக்கத்துக்கும் அவளிடம் ஒரே தேய்ப்புதான். ஒரு பதக்கத்தில் இருந்த பெண்முகத்தின் மூக்கு அப்படியே மழுங்கிப்போயிருந்தது. "இது எந்த அம்மன் தாத்தா?" என்று கேட்டேன். "அம்மன் இல்லடா, ரெப்புப்ளிக்" என்றார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். ஜூலை 14 காலை, கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் சொல்தாக்கள் கோட்டு போட்டு வியர்த்துக்கொண்டு நிற்பார்கள். பிரெஞ்சு தேசிய கீதமான மார்செய்யேஸ் ஒலிக்கும்போது தாத்தாவின் தாடை இறுகும். பிரெஞ்சுப் புரட்சியில் பாரீசு ஜனங்கள் சிறையை உடைத்த நாள் அது என்று சொல்லியிருந்தார். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்றால், ஏழு பேர்! எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அந்தப் புரட்சி எங்கள் ஊருக்கும் கப்பலேறி வந்தது. 1790இல் சேதி எட்டியதும் இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் கூடிச் சபை அமைத்தார்கள். தமிழர்களுக்கு அதில் இடமில்லை. 1793 ஜனவரியில் பாரீசில் ராஜாவின் தலை விழுந்தது, ஆகஸ்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1804இல் நெப்போலியன் சக்கரவர்த்தியானார். 1816இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியபோது அங்கே மறுபடியும் ஒரு லூயி ராஜா! இதையெல்லாம் தாத்தா சொன்னதில்லை. அவருடைய புரட்சியில் சிறை உடைந்ததோடு கதை முடிந்துவிடும்.

அவர் அதிகம் பேசியது, பட்டாளத்தோடு போன வியட்நாமின் சைகோனைப் பற்றி. சதுப்பு நிலம், அட்டை, மழையில் ஊறிய பூட்ஸ். யாரைச் சுட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் வியட்நாம் தலைவர் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனம் படித்தபோது, பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமைப் பிரகடனத்தையே எடுத்துக்காட்டினார் என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். அந்தப் பிரகடனத்தைப் பெற்ற நாடு, அதைத் திருப்பிச் சொன்னவர்கள்மேல் பட்டாளத்தை ஏவியது. அந்தப் பட்டாளத்தில் எங்கள் தாத்தா. 1954 மே மாதம் வியட்நாமின் தியென் பியென் பூவில் பிரான்ஸ் தோற்றது. அதே ஆண்டு நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியா கைக்கு வந்தது. புரட்சி எங்கே முடிந்தது என்று கேட்டால் நான் பாரீசைச் சொல்லமாட்டேன், தியென் பியென் பூவைச் சொல்வேன்.

எங்களுக்கு மிஞ்சியது காகிதம். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் கோயிலோ சர்ச்சோ அல்ல, அரசாங்கமே எழுதிவைக்க வேண்டும் என்பது 1792இல் புரட்சி செய்த ஏற்பாடு. சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர 1881இல் ஓர் ஆணை வழிவிட்டது. வந்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சமத்துவம் விண்ணப்பம் போட்டு வாங்குகிற சரக்காக இருந்தது. அதையும் வாங்கியவர்கள் உண்டு, அதனால் நிமிர்ந்தவர்களும் உண்டு.

தாத்தா போனபின் பென்ஷன் ஆயாவுக்கு வந்தது. உயிரோடு இருப்பதற்கு வருஷா வருஷம் அத்தாட்சி கொடுக்க வேண்டும். அதற்காக ரிக்‌ஷாவில் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவாள்: "ராஜா தலையையே வெட்டுனவங்க, கெழவி செத்தாளா இருக்கறாளான்னு கண்டுபிடிக்க ஒரு சீட்டு கேக்கறாங்க பாரு!"